கொன்ட்ரோலுக்கு முதல்நாள் கழட்டுவம்

அந்த வீட்டுக்காரரை நாங்கள் அண்ணை என்றுதான் கூப்பிட்டோம். இன்றைக்கும் அந்தச் சொல் வாயில் வந்தால் எனக்குக் கசக்கிறது. சுவிசில், இந்தப் பாசல் நகரத்தில் மற்றவர்களுக்கு வீட்டுக்காரர் என்றால் வெறும் வீட்டுக்காரர்தான். குழாய் ஒழுகினால் கடிதம் எழுதுவார்கள். ஆள் வராவிட்டால் வாடகைக்கு இருப்பவர்களின் சங்கத்துக்குப் போவார்கள். அண்ணைக்கு யார் கடிதம் எழுதுவது? குழாய் ஒழுகினால் அவர் வீட்டில் தேத்தண்ணீர் குடித்து, ஊர்ப் புதினம் கதைத்து, எழும்பி வரும்போது வாசலில் நின்று மெல்லச் சொல்ல வேண்டும். அவரும் "பாப்பம்" என்பார். அந்தப் "பாப்பம்" என்ற சொல்லை நம்பித்தான் எங்கள் வீட்டில் பாதிச் சாமான்கள் ஒழுகிக்கொண்டும் ஆடிக்கொண்டும் இருந்தன.

அவர் எண்பதுகளின் தொடக்கத்திலேயே சுவிசுக்கு வந்தவர். ரெஸ்டோரன்டில் கோப்பை கழுவி, பிறகு கடை போட்டு, சுவிஸ்காரரின் சிவப்புப் பாஸ்போட் எடுத்து, கடைசியில் ட்ராம் ஓடும் தெருவொன்றில் மூன்று தட்டுப் பழைய வீடொன்றையும் வாங்கியிருந்தார். முதலில் வந்தவர், பிறகு வந்தவர் என்று எங்கள் ஆட்களுக்குள் இங்கே புதிதாக ஒரு சாதி உண்டு. அதில் அவர் உச்சியில் இருந்தார், தொண்ணூறுகளின் கடைசியில் வந்த நாங்கள் அடியில் இருந்தோம். கீழ்த்தட்டில் அவரும் நாங்கள் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியும், நடுத்தட்டில் நானும் கணவரும் மகளும், மேல்தட்டில் வீட்டோடு சேர்ந்து வந்த ஒரு வயதான சுவிஸ்காரி. அண்ணை எங்களுக்கு வீடு தந்ததைத் தர்மம் செய்ததுபோலத்தான் கடையில் சொல்லித் திரிந்தார்.

வீட்டில் அடுப்பு மின்சாரம். தண்ணீர் சூடாக்குவது மட்டும் காஸ். குசினிச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி தொங்கியது. சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தால் அதற்குள் குப்பென்று நெருப்புப் பற்றும். குளிக்கும் அறைக்கும் அதே பெட்டியிலிருந்துதான் தண்ணீர் போனது. பெட்டியின் தலையிலிருந்து ஒரு தகரக் குழாய் சுவருக்குள் போய்ப் புகைக்கூண்டில் சேர்ந்தது. அதற்கு நேர் எதிரே, வெளிச்சுவரின் அடியில், கம்பி வலை போட்ட ஒரு துவாரம். கையை வைத்தால் குளிர்காற்று அடிக்கும். சுவர் கட்டியவன் பூச மறந்துவிட்டுப் போன ஓட்டை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

யுத்தம் முடிந்து இரண்டாவது குளிர்காலம் தொடங்கியபோது அண்ணை ஒரு சனிக்கிழமை மேலே வந்தார். கையில் பிளாஸ்டிக் பலகையும் சிலிக்கோன் குழாயும். நான் அன்றைக்குக் கணவாய்க் கறி வைத்திருந்தேன். மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் உள்ளே வந்தார்.

"பிள்ளை, மேல் மனுசி மணக்குதெண்டு சொல்லுறா. உந்த ஓட்டைக்குள்ளால உங்கட கறி மணம் முழுக்க அவவின்ர பல்கணிக்குத்தான் போகுது" என்றார்.

"அவ எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே, அண்ணை."

"உமக்குச் சொல்லுவாவோ? சொந்தக்காரன் நான். எனக்குத்தான் சொல்லுவா. வெள்ளையள் முகத்துக்கு முன்னால சிரிப்பினம், பின்னால எழுதிப் போடுவினம். நாங்கள்தான் பாத்து நடக்க வேணும்."

பலகையை வைத்துச் சுற்றிவர சிலிக்கோன் பூசி அடைத்தார். அதற்கு முந்திய கோடையில் ஜன்னல்களையும் மாற்றியிருந்தார். இரட்டைக் கண்ணாடி, ரப்பர் விளிம்பு. மூடினால் ட்ராம் சத்தமும் கேட்காது. குசினிக் கதவை எப்போதும் நான் சாத்தித்தான் வைப்பேன். இங்கே சமைக்கிற எந்தத் தமிழ் வீட்டிலும் அது வழக்கம். வாசலில் தொங்கும் ஜக்கெட்டில் கறி மணம் ஏறினால் அடுத்தநாள் ட்ராமில் பக்கத்து இருக்கைக்காரர் எழும்பிப் போவார், பள்ளிக்கூடத்தில் பிள்ளையைப் பார்த்து மூக்கைப் பொத்துவார்கள். ஆகவே கதவும் அடைப்பு, ஜன்னலும் அடைப்பு, இருந்த ஒரு ஓட்டையும் அடைப்பு. காற்றுப் புகாத அந்தக் குசினிக்குள் நாங்கள் சோறு கறி சமைத்தோம்.

அன்றிலிருந்து நான் மேல் வீட்டுக்காரியோடு கதைப்பதை விட்டேன். படியில் அவர் "குட்டன் டாக்" என்று வணக்கம் சொன்னால் நான் தலையைக் குனிந்துகொண்டு போவேன். வாயில் எந்நேரமும் சிகரெட், அதன் புகையில் படியெல்லாம் நாறும். அவருக்கு எங்கள் கணவாய் மணக்கிறதாம்! மனதுக்குள் அவரை நான் திட்டாத திட்டில்லை.

மகளுக்குத் தலையிடி தொடங்கியது அந்த மார்கழியில். அப்போது அவளுக்குப் பத்து வயது. குசினி மேசையில் இருந்துதான் வீட்டுப்பாடம் செய்வாள், வேறு மேசை எங்களிடம் இல்லை. பின்னேரம் நான் சமைப்பேன், கணவர் வேலையால் வந்து நீண்டநேரம் சுடுதண்ணீரில் நின்று குளிப்பார், சுவரில் பெட்டி உறுமும், இவள் கணக்குப் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு இருப்பாள். கொஞ்சநேரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு மேசையில் சாய்வாள். சிலநாள் சாப்பிட்டதைச் சத்தி எடுப்பாள். பள்ளிக்கூடத்தில் ஒன்றும் இல்லை, விளையாடும் இடத்தில் ஒன்றும் இல்லை.

"கணக்கெண்டால் உடன தலையிடி. கள்ளி" என்பார் கணவர்.

குழந்தை வைத்தியர் கண் வைத்தியரிடம் அனுப்பினார். கண் வைத்தியர் ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தார். கண்ணாடி போட்டும் சத்தி நிற்கவில்லை. அண்ணைக்கு இந்தக் கதை போனபோது அவரும் ஒரு வைத்தியம் சொன்னார்: பிள்ளை ஐபேட் பார்க்கிறது கூடவாம். எங்கள் வீட்டில் ஐபேட் என்ற சாமானே இருக்கவில்லை. எனக்கும் அந்த நாட்களில் தலை சுற்றியது. முதியோர் இல்லத்தில் நாள் முழுக்கத் துணி தோய்க்கும் அறையில் நிற்கிறவளுக்குத் தலை சுற்றாமல் என்ன செய்யும் என்று அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

பிறகு வாசல் கதவில் ஒரு அறிவித்தல் ஒட்டப்பட்டது. காஸ் கொன்ட்ரோல். நகரத்து ஆள் வந்து பெட்டி, குழாய், புகைக்கூண்டு எல்லாம் பார்த்து, எல்லாம் சரியென்றால் சொந்தக்காரருக்கு ஒரு சான்றிதழ் கொடுப்பார். அந்தச் சான்றிதழ் இல்லாமல் வீட்டை வாடகைக்கு விட முடியாது. அண்ணை ஓடிவந்தார்.

"கொன்ட்ரோலுக்கு முதல்நாள் வந்து உந்தப் பலகையைக் கழட்டுவம். அவன் போனாப்பிறகு திரும்பப் போடுவம்" என்றார்.

"ஏன் அண்ணை கழட்டவேணும்?"

"அவங்களுக்கு ஓட்டை இருக்கவேணுமாம். சட்டம். உவங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு சட்டம்."

அவருக்குக் காஸில் பயம் இல்லை, சான்றிதழில்தான் பயம். ஓட்டை ஏன் இருக்கவேண்டும் என்று அவர் ஒருநாளும் யோசிக்கவில்லை. எங்கள் ஆட்களில் பலருக்குக் கொன்ட்ரோல் என்றாலே அப்படித்தான். ட்ராமில் கொன்ட்ரோல் ஏறினால் டிக்கெட் காட்டுவோம், இறங்கினால் மூச்சு விடுவோம்.

முதல்நாள் அவர் வரவில்லை. கடையில் சாமான் இறங்கியதாம். கொன்ட்ரோல் அன்று காலையில் மேலங்கிப் பையில் ஒரு கத்தியோடு மூச்சு வாங்க ஏறி வந்தார், பலகையைக் கிளப்ப. ஆனால் சொன்ன நேரத்துக்கு முன்னமே வந்து எங்கள் குசினியில் நின்றுகொண்டிருந்தார் காஸ்காரர். நரைத்த தாடி, நீலக் காற்சட்டை, கையில் ஒரு தகரப் பெட்டி. அண்ணையின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. அந்த முகத்தைப் பார்க்க எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம், பொய் சொல்லமாட்டேன்.

காஸ்காரர் கதவையும் ஜன்னலையும் மூடச் சொன்னார். சுடுதண்ணீரைத் திறந்துவிட்டார். பெட்டி உறுமியது. ஒரு சின்னக் கண்ணாடியைப் பெட்டியின் தலைக்குக் கீழே பிடித்தார். சற்று நேரத்தில் கண்ணாடி முகம் பார்க்க முடியாமல் மங்கிப்போனது. புகைக்கூண்டால் மேலே போகவேண்டிய புகை, ஓட்டையால் புதுக் காற்று வராததால் குசினிக்குள்ளேயே திரும்பி வருகிறது என்று அர்த்தம். இடுப்பில் தொங்கிய சின்ன மெஷின் கீச்சுக் கீச்சென்று கத்தத் தொடங்கியது. அவர் ஒரு கையால் குழாயை மூடி, மறு கையால் ஜன்னலை அகலத் திறந்தார். அதுவரை மரியாதையாக இருந்த மனிதர் எங்களை ஒரு சொல் கேட்காமல் குசினிக்கு வெளியே தள்ளினார்.

"இங்கே யார் இருந்து வேலை செய்கிறது?" என்று மேசையில் கிடந்த கணக்குப் புத்தகத்தைக் காட்டிக் கேட்டார்.

"என் மகள்" என்றேன்.

"அவளுக்குத் தலையிடி இருக்கிறதா? சத்தி?"

"இருக்கிறது. இரண்டும்" என்றேன். கண்ணாடி, கள்ளி, ஐபேட் எல்லாம் ஒரே நேரத்தில் மண்டைக்குள் ஓடின. மணமில்லாத, நிறமில்லாத ஒரு நஞ்சு என்று அவர் விளங்கப்படுத்தினார். நித்திரை வருவதுபோல இருக்குமாம், பிறகு எழும்பவே மாட்டார்களாம். என் பிள்ளையை ஒரு குளிர்காலம் முழுக்க நான் அதற்குள் இருத்திப் பெருக்கல் வாய்ப்பாடு படிப்பித்திருக்கிறேன்.

காஸ்காரர் குனிந்து பலகையைத் தட்டினார். "இதை யார் அடைத்தது?"

அண்ணை முந்திக்கொண்டார். தன் நல்ல ஜெர்மனில், வங்கிக்காரரோடு கதைக்கும் அதே குரலில், சிரித்துக்கொண்டு சொன்னார்: வாடகைக்கு இருக்கிறவர்கள்தான், இவர்கள் சூடான நாட்டுக்காரர், குளிர் தாங்கமாட்டார்கள், எத்தனை தரம் சொல்லியும் கேட்பதில்லை. இவர்கள் என்றார். அந்த மனுசன் பிறந்த ஊருக்கும் நான் பிறந்த ஊருக்கும் இடையில் ஒரு வயல்வெளிதான். எனக்கு அந்த ஜெர்மன் விளங்காது என்று நினைத்திருந்தார். முதியோர் இல்லத்துத் தோய்க்கும் அறையில் வாய் ஓயாத நான்கு சுவிஸ்காரிகளோடு வேலை செய்கிறவளுக்கு எந்த ஜெர்மன் விளங்காது?

பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "பிள்ளை, ஓமெண்டு சொல்லும். உங்களுக்கு ஒண்டும் செய்யமாட்டாங்கள். நான் எண்டால் சேர்ட்டிபிக்கட் தரமாட்டாங்கள். மிச்சத்தை நாங்கள் எங்களுக்குள்ள கதைப்பம்."

நான் காஸ்காரரைப் பார்த்தேன்.

"வெள்ளைக்கு முன்னால எங்கட ஆக்களைக் காட்டிக் குடுக்கிறதோ? சொல்லும் ஓமெண்டு."

காட்டிக் குடுக்கிறதோ. அந்தச் சொல்லை அவர் சும்மா எடுக்கவில்லை. அந்தச் சொல்லைப் பலகையில் எழுதிக் கழுத்தில் தொங்கவிட்டு ஊரில் ஆட்களை மின்கம்பத்தில் கட்டிச் சுட்ட காலத்தைக் கண்டு வளர்ந்தவள் நான். எங்கள் ஆட்களிடம் அதைவிடப் பாரமான ஏச்சு இல்லை. தன் சிலிக்கோனைக் காப்பாற்ற அதைத் தூக்கி என் முன்னால் வைத்தார். எனக்கு வந்த கோபத்தில் ஜெர்மன் இலக்கணம் எல்லாம் பறந்துவிட்டது. விரலை நீட்டி, "எர்" என்றேன். அவர். "எர் மஹ்ட் ஸூ. நிஹ்ட் இஹ்." அவர்தான் அடைத்தார், நான் இல்லை.

காஸ்காரர் அண்ணையை மேலும் கீழும் பார்த்தார். எங்கள் பெட்டிக்குப் போகும் குழாயை மூடி, கம்பியால் கட்டி, ஈயத்தால் முத்திரை வைத்து, அவசர இலக்கம் போட்ட ஒரு துண்டையும் அதில் கட்டினார். சான்றிதழ் இல்லை என்றார். கீழ்வீட்டைத் திறக்கச் சொன்னார். மனைவி வெளியே போய்விட்டா, வீட்டுக் கதவின் திறப்பு அவவிடம் என்றார் அண்ணை. அக்கா உள்ளே உரலில் இடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. "நாளை மறுநாள் வருவேன். அதுவரை கீழேயும் காஸ் பாவிக்கக்கூடாது. விளங்கியதா?" என்றார் காஸ்காரர். அண்ணை "யா, யா, நட்டூர்லிஹ்", ஓமோம், அதற்கென்ன என்று தலையை ஆட்டினார்.

அன்று பின்னேரமே கதை பரவிவிட்டது. கணவர் வேலையால் வரும்போதே முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். யாரோ ட்ராம் தரிப்பிடத்தில் மறித்துக் கேட்டிருக்கிறார்கள்.

"நீ வாயை மூடிக்கொண்டு நிண்டிருந்தால் அந்தாள் தானா ஒரு புதுப் பெட்டி போட்டிருப்பார்."

"பிள்ளைக்கு நஞ்சு குடுத்த ஆள், உங்களுக்குப் பெட்டி போடுவாரோ?"

"வேணுமெண்டு குடுத்தவரே? தெரியாமல்தானே."

"தெரியாமல் அடைச்சவர். தெரிஞ்சுகொண்டுதான் என்னை ஓமெண்டு சொல்லச் சொன்னவர்" என்றேன். கணவர் குளிக்கத் தண்ணீர் கொதிக்கவைக்கச் சொல்லிவிட்டுப் போனார். பெரிய சோற்றுப் பானையில் கொதிக்கவைத்துக் கொடுத்தேன். அடுத்தநாள் மகள் அதே மேசையில் இருந்து, திறந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு, பின்னங்கள் முழுவதையும் செய்து முடித்தாள். தலையிடிக்கிறதா என்று கேட்டேன். இல்லையே என்றாள், அதிலென்ன புதினம் என்பதுபோல. நான் குளிக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அழுது முடிக்கவில்லை, டெலிபோன் அடித்தது. அண்ணையின் கடைக்குச் சாமான் வாங்கப் போகும் ஒரு பெண். கடையில் அக்கா எல்லோருக்கும் கேட்கச் சொன்னாவாம்: "மேலுக்கு இருக்கிறவள் காட்டிக் குடுத்தவள். உப்பிட்ட கையைக் கடிச்சவள்." இதைச் சொல்லிவிட்டு, தனக்கு இதில் சம்பந்தமில்லை, தன் பெயரை எடுக்கவேண்டாம் என்றும் அந்தப் பெண் சொன்னாள். நான் டெலிபோனை வைத்தேன். முகத்தைக் கழுவினேன். வீட்டுச் செருப்போடு படியிறங்கினேன்.

நான் சண்டைக்குத்தான் போனேன். இதைத் திருத்திச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அக்கா எப்படி இருக்கிறா, என்ன ஆனா என்று பார்க்கப் போகவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கவேண்டும் என்றுதான் போனேன்.

அக்கா கதவைத் திறந்தா. வெறுங்கால். நெற்றியைச் சுற்றி ஒரு துண்டை இறுக்கிக் கட்டியிருந்தா. அவவை நான் அந்தத் துண்டு இல்லாமல் கண்டது குறைவு. ஒற்றைத் தலையிடி என்று சித்தாலேப தைலம் பூசுவா. யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்று கையில் நூலும் கட்டியிருந்தா.

"ஆரைக் காட்டிக் குடுத்தவள் எண்டனீங்கள்?" என்று வாசலிலேயே தொடங்கினேன்.

"உம்மைத்தான். வேற ஆரை?" குரல் கொஞ்சம் குழறியது. "வீடு தந்த மனுசனை வெள்ளைக்கு முன்னால விரல் நீட்டிக் காட்டினனீராம். நாளைக்கு எங்களுக்கு என்ன மரியாதை?"

"என்ர பிள்ளை செத்திருந்தால் உங்கட மரியாதையை என்ன செய்யிறது?"

"செத்தோ போச்சுது? சும்மா பெரிசாக் கதையாதையும்."

கதைத்துக்கொண்டே குசினிக்குள் போனா, நானும் விடாமல் பின்னால் போனேன். உள்ளே சட்டி பானை குவிந்திருந்தது. சுடுதண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. சுவரில், எங்களுடையதைப் போன்ற வெள்ளைப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. நீலமாக எரிய வேண்டிய நெருப்பு மஞ்சளாக ஆடியது. ஜன்னல் கண்ணாடியில் ஈரம் வழிந்தது. நான் சுவரின் அடியைப் பார்த்தேன். அங்கேயும் ஒரு பலகை, சுற்றிவர சிலிக்கோன், அதற்குமேல் அழகுக்கு வெள்ளைப் பெயின்டும் அடித்திருந்தது.

"அண்ணை உங்களுக்குச் சொல்லேல்லையோ, காஸ் பாவிக்கவேண்டாமெண்டு?"

"என்னத்துக்கு? உங்கட பெட்டிதானே பழுது?"

"அந்த ஓட்டையை ஆர் அடைச்சது?"

"அவர்தான். முதல் எங்கட வீட்டிலதானே அடைச்சவர். பிறகுதான் உங்கட." கதிரையைப் பிடித்துக்கொண்டு மெல்ல இருந்தா. "கொன்ட்ரோலுக்கு முதல்நாள் கழட்டுவம் எண்டவர். இண்டைக்கு இரவு வந்து கழட்டுவார்."

"இஞ்சையும் மேல் மனுசிக்கு மணந்ததோ?"

"அந்த மனுசிக்கோ?" அக்கா கண்ணை மூடிக்கொண்டு சிரித்தா. "சிகரெட்டில அவவுக்கு மூக்கு எப்பவோ செத்துப்போச்சு. நான் ஒருக்கால் பட்டீஸ் குடுத்தனான், மணம் தெரியாது, சாப்பாடு எல்லாம் ஒண்டுதான் எண்டவ. இவருக்குத்தான் மணம் பிடிக்காது. வங்கி ஆக்கள், காப்புறுதி ஆக்கள் வருவினமாம். தமிழ் வீடு மாதிரி மணக்கக்கூடாதாம்."

ஒரு குளிர்காலம் முழுக்க நான் திட்டியது மூக்கே இல்லாத ஒரு கிழவியை. எங்கள் கறி மணந்தது எங்கள் ஆளுக்கு. மூன்று நேரமும் அதே கறியை உண்கிற வாய்க்கு. அந்தக் கணத்தில் எனக்கு அவர்மேல் வந்த வெறுப்பு இன்னும் இறங்கவில்லை. இறங்கவும் வேண்டாம்.

அக்காவின் தலை பக்கவாட்டில் சரிந்ததைக் கண்டதும்தான் எனக்குச் சுவர்ப்பெட்டி நினைவுக்கு வந்தது. குழாயை மூடினேன். ஜன்னல் விளிம்பில் இருந்த போத்தல்களைக் கையால் தள்ளிவிட்டு ஜன்னலைத் திறந்தேன். இரண்டு மிளகாய்த்தூள் போத்தல் விழுந்து உடைந்தன. அவவின் கக்கத்துக்குள் கையைக் கொடுத்து இழுத்தேன். பாரமான மனுசி. "விடும், விடும்" என்று திட்டிக்கொண்டே வந்தா. பின்முற்றத்தில் ஈர மர வாங்கில் கொண்டுவந்து இருத்தினேன். மேலே ஓடிப்போய் அம்புலன்ஸுக்கு அடித்தேன். காஸ்காரர் முத்திரையோடு கட்டிவிட்டுப்போன துண்டில் இருந்த இலக்கத்துக்கும் அடித்துவிட்டு, மகளையும் முற்றத்துக்குக் கூட்டிவந்தேன்.

அம்புலன்ஸ்காரர் அவவின் முகத்தில் ஒக்சிஜன் குழாய் பிடித்தார்கள், கம்பளியால் போர்த்தினார்கள். காஸ்காரரும் வந்துவிட்டார், அன்று அவர்தான் பிக்கெட், அவசர அழைப்புக்கு வரவேண்டியவர். மெஷினோடு உள்ளே போனார். அது கத்தியது முற்றம்வரை கேட்டது. முழு வீட்டையும் திறந்துபோட்டுவிட்டு வெளியே வந்து, தான் சொல்லும்வரை ஒருவரும் உள்ளே போகக்கூடாது என்றார். மேல் வீட்டுக்காரி நைட்டுடுப்போடு சிகரெட்டைப் பிடித்தபடி இறங்கி வந்து ஒரு மூலையில் நின்றார். நான் "குட்டன் ஆபென்ட்" என்றேன். அவருக்கு அதில் ஒரே ஆச்சரியம்.

அப்போதுதான் அண்ணை கடையால் ஓடிவந்தார். மனைவியைப் பார்த்தார். அம்புலன்ஸைப் பார்த்தார். ஆனால் போனது காஸ்காரரிடம். அந்த வங்கிக் குரல், அந்தச் சிரிப்பு இரண்டும் அந்த நேரத்திலும் இருந்தன. "மைனெ ஃப்ராவ்..." என்று தொடங்கினார்.

ஃப்ராவ் என்றால் மனைவி, அந்தச் சொல் அக்காவுக்குத் தெரியும். இத்தனை வருடம் கடையின் பின்னறையில் மரக்கறி துப்புரவாக்கிய மனுசிக்கு அதற்குமேல் ஜெர்மன் படிக்க அவர் இடம் கொடுக்கவில்லை. முகத்திலிருந்த வாயுக் குழாயை ஒரு பக்கம் இழுத்துவிட்டு என்னைப் பார்த்தா.

"என்னவாம் சொல்லுறார்?"

மழுப்பியிருக்கலாம். பிறகு சொல்கிறேன் என்றிருக்கலாம். எனக்கு அந்த எண்ணமே வரவில்லை. அவர் சொல்லச் சொல்ல, சொல்லுக்குச் சொல் தமிழில் சொன்னேன்.

"என்ர மனுசிக்கு எந்நேரமும் குளிராம். அவதான் அடைச்சவவாம். படிப்பறிவு இல்லாத மனுசியாம். எத்தினை தரம் சொல்லியும் கேக்கேல்லையாம்."

அண்ணைக்கு என் குரல் கேட்டது. நடுவசனத்தில் நின்றுவிட்டார்.

அக்கா நெற்றித் துண்டை அவிழ்த்தா. பிறகு காஸ்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினா.

"நைன்" என்றா. இல்லை. கையை நீட்டவில்லை, நாடியைத் தூக்கித் தன் கணவனைக் காட்டினா. "எர்."

காஸ்காரர் அதற்குப் பிறகு அண்ணையிடம் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணை எங்களைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாரோ தெரியாது. எல்லாவற்றையும் அக்கா சொல்லிவிட்டா.

"கால் விறைக்குது. உள்ளுக்கு என்ர சப்பாத்து கிடக்கு, எடுத்துக்கொண்டு வாங்கோ" என்றா அக்கா அவரிடம்.

அவர் கதவை நோக்கிப் போனார். காஸ்காரர் கையைக் குறுக்கே நீட்டி மறித்தார். அண்ணை திரும்பி மனைவியைப் பார்த்தார், சரி விடு என்று அவ சொல்லுவா என்பதுபோல.

"நான் இருக்கிறன். அவரைக் கேட்டுப்போட்டுப் போங்கோ" என்றா அக்கா.

அண்ணை தன் நல்ல ஜெர்மனில், தன் சொந்த வீட்டுக்குள் போய் மனைவியின் சப்பாத்தை எடுத்துவர அனுமதி கேட்டார்.